என்ஏடிஹெச் என்றால் உண்மையில் என்ன? மகளுக்குச் சொல்லிக்கொடுக்க உதவி வேண்டும்

வணிகவியல்_அம்மா

வணக்கம். என் மகள் பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. நான் படித்தது வணிகவியல், இருந்தாலும் இரவில் அவளோடு உட்கார்ந்து சேர்ந்தே படிக்கிறேன். செல் சுவாசம் பாடத்தில் குளுக்கோஸை உடைக்கும் கிளைக்காலிசிஸ், அதற்குப் பின் வரும் கிரெப் சுழற்சி வரை எப்படியோ வந்துவிட்டோம். ஆனால் பாதிப் படிகளில் ஓரத்தில் வளைந்த அம்புக்குறி ஒன்று இருக்கிறது. என்ஏடி+ உள்ளே போகிறது, என்ஏடிஹெச் வெளியே வருகிறது. சில இடத்தில் எஃப்ஏடி போய் எஃப்ஏடிஹெச்2 வருகிறது. இது என்ன என்று அவள் கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் போகும் பயிற்சி வகுப்பில் "ஒரு என்ஏடிஹெச் என்றால் 3 ஏடிபி, எழுதிக்கொள்" என்று மட்டும் சொன்னார்களாம். ஏடிபி என்பது செல் செலவழிக்கும் சக்திக் காசு, அதுவரை தெரியும். அப்படியென்றால் அதற்குள் 3 ஏடிபி இருக்கிறதா? அது சக்தியா, பொருளா? ஏன் இரண்டு வகை? அப்புறம் ஒரு குளுக்கோஸுக்கு 36 ஏடிபி என்று ஓரிடத்தில், 38 என்று இன்னோரிடத்தில், இணையத்தில் தேடினால் 32. எதை நம்புவது?

ஓய்வுபெற்ற_ஆசிரியர்

அம்மா, நீங்கள் கேட்டிருப்பது அந்தப் பாடத்தின் மையமான கேள்வி. அந்த ஓரத்து அம்புக்குறிதான் பாடமே. நடுவில் இருக்கும் நீளமான பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டு அம்புக்குறியை விட்டுவிடுகிறார்கள்.

என்ஏடிஹெச் ஒரு பொருள். வேதிப்பொருள் விற்பவர்களிடம் பொடியாகவே கிடைக்கும். அதற்குள் ஏடிபி எதுவும் இல்லை. அது ஒரு சட்டி.

வீட்டுக்குத் தளம் போடும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே கலவை போடுகிறார்கள். சட்டியில் அள்ளி, சாரத்தில் வரிசையாக நிற்கும் ஆட்கள் கைமாற்றி மேலே அனுப்புகிறார்கள். மேலே கொட்டியதும் காலிச் சட்டி கீழே வருகிறது, மறுபடி நிரம்புகிறது. மொத்தம் இருபது முப்பது சட்டிதான் இருக்கும், ஆனால் சாயங்காலத்துக்குள் ஒரு தளமே போட்டுவிடுவார்கள். என்ஏடி+ என்பது காலிச் சட்டி, என்ஏடிஹெச் என்பது நிறைந்த சட்டி. கலவை என்பது குளுக்கோஸிலிருந்து பிடுங்கப்பட்ட எலக்ட்ரான்கள். ஒரு சட்டிக்கு இரண்டு எலக்ட்ரான்.

இப்போது ஒன்று யோசியுங்கள். கீழே கலவை மலைபோல் கிடக்கிறது, ஆட்களும் தயார், ஆனால் காலிச் சட்டி கீழே வரவில்லை. என்ன ஆகும்? வேலை நிற்கும். செல்லிலும் அதேதான். நாம் மூச்சை அடக்கினால் குளுக்கோஸ் தீர்ந்துபோவதில்லை, ரத்தத்தில் அது நிறைய இருக்கிறது. மேலே கொட்ட இடமில்லாமல் சட்டி எல்லாம் நிறைந்தபடியே நின்றுவிடுகிறது, அதனால் கிரெப் சுழற்சியே நிற்கிறது. இத்தனைக்கும் அந்தச் சுழற்சியில் ஒரு படியில்கூட ஆக்சிஜன் நேரடியாகக் கிடையாது. "ஆக்சிஜனைத் தொடாத சுழற்சி ஆக்சிஜன் இல்லாமல் ஏன் நிற்கிறது?" என்று மகளிடம் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லிவிட்டால் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

எலக்ட்ரானை எப்படி ஏந்துகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூலக்கூறின் ஒரு முனையில் நிகோடினமைடு என்ற வளையம் இருக்கிறது. அது இரண்டு எலக்ட்ரானையும் ஒரு புரோட்டானையும் சேர்த்து ஒரே வீச்சில் வாங்கிக்கொள்கிறது. உணவிலிருந்து கழன்ற இன்னொரு புரோட்டான் சுற்றியுள்ள நீரிலேயே நிற்கும். புத்தகத்தில் "என்ஏடிஹெச் + ஹெச்+" என்று எழுதுவது அதனால்தான். எஃப்ஏடி இரண்டு எலக்ட்ரானையும் இரண்டு புரோட்டானையும் தானே வாங்கிவிடும், அதனால் எஃப்ஏடிஹெச்2.

நீட்_இரண்டாம்முறை

அக்கா, நானும் அப்படியே என்ஏடிஹெச்சுக்கு 3 ஏடிபி, எஃப்ஏடிஹெச்2வுக்கு 2 என்றுதான் படித்தேன். கணக்கு இப்படி: ஒரு குளுக்கோஸுக்கு கிளைக்காலிசிஸில் 2 என்ஏடிஹெச், குளுக்கோஸ் உடைந்து வந்த பைருவேட் என்ற துண்டு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும்போது 2, கிரெப் சுழற்சியில் 6, ஆக 10. எஃப்ஏடிஹெச்2 மொத்தம் 2. பழைய முறைப்படி 10×3 + 2×2 = 34, நேரடியாக வரும் ஏடிபி 4, கூட்டினால் 38. தேர்வுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

வோல்ட்_கணக்கு

தம்பி, தேர்வுக்குப் போதும், ஆனால் அந்த அம்மா கேட்டது 3 எங்கிருந்து வந்தது என்று.

ஆசிரியர் ஐயா சொன்ன சட்டி உவமை அழகாக இருக்கிறது. ஒரே ஓரிடத்தில் மட்டும் அது வழிதவற வைக்கும். தளம் போடும்போது ஆட்கள் கலவையை மேலே தூக்குகிறார்கள், சக்தி செலவாகிறது. செல்லில் எலக்ட்ரான் கீழே விழுகிறது, சக்தி கிடைக்கிறது. அதனால் இரண்டாம் பாதிக்கு வேறு படம் வேண்டும். மலை ஓடையில் படிப்படியாக விழும் தண்ணீரை நினைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதை வோல்ட்டில் அளக்கலாம். எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் ஆசை ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு அளவு. என்ஏடிக்கு அந்த எண் −0.32 வோல்ட், அதாவது ஆசை குறைவு, கொடுத்துவிடத் தயார். வழியில் எலக்ட்ரானைக் கைமாற்றும் யுபிகுவினோன், சைட்டோகுரோம் சி என்ற பொருள்களில், யுபிகுவினோனுக்கு பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே. சைட்டோகுரோம் சி சுமார் +0.25. ஆக்சிஜனுக்கு +0.82. என்ஏடிஹெச்சிலிருந்து ஆக்சிஜன் வரை மொத்த வீழ்ச்சி 1.14 வோல்ட். ஒரு சாதாரண டார்ச் பேட்டரி செல் 1.5 வோல்ட், அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. இரண்டு எலக்ட்ரான் இந்த உயரத்திலிருந்து விழுந்தால் ஒரு மோலுக்கு சுமார் 220 கிலோஜூல் கிடைக்கும். ஏடிபி ஒரு மோல் செய்ய, திட்ட நிலையில், சுமார் 30.5 கிலோஜூல் வேண்டும்.

அதனால் "என்ஏடிஹெச்சுக்குள் சக்தி இருக்கிறது" என்று சொல்வதே பாதி உண்மைதான். மேட்டூர் அணையில் நிற்கும் தண்ணீருக்குள் மின்சாரம் இருக்கிறதா? தண்ணீருக்கும் கீழே இருக்கும் ஆற்றுமட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இருக்கிறது. என்ஏடிஹெச்சுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் சக்தி. ஆக்சிஜனை எடுத்துவிட்டால் அதே என்ஏடிஹெச்சுக்கு அந்த 3 ஏடிபி மதிப்பு கிடையாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. இவ்வளவு வோல்ட் வித்தியாசம் இருந்தும், என்ஏடிஹெச்சை ஆக்சிஜன் கரைந்த நீரில் சும்மா வைத்தால் அது எலக்ட்ரானைத் தானாக அள்ளிக் கொடுத்துவிடாது. நொதி பக்கத்தில் வந்தால்தான் கொடுக்கும். இந்தப் பொறுமை இல்லாவிட்டால் அது கடத்தியாகவே இருக்க முடியாது. போகிற வழியில் எதிர்ப்படும் ஆக்சிஜனிடமெல்லாம் கொட்டிவிடும், எல்லாம் வெறும் சூடாகப் போய்விடும்.

ரத்தப்பரிசோதனைக்_கூடம்

இந்தக் கடைசிப் பத்தியை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நான் மருத்துவ ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன்.

கல்லீரல் சோதனையில் எஸ்ஜிபிடி என்று ஒன்று எழுதித் தருவார்களே, அதை நாங்கள் அளப்பது என்ஏடிஹெச்சை வைத்துத்தான். என்ஏடிஹெச் 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். அது புற ஊதாக் கதிர், கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். என்ஏடி+ அந்த ஒளியை உறிஞ்சாது. நிறைந்த சட்டிக்கு நிழல் உண்டு, காலிச் சட்டிக்கு நிழல் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரியேஜெண்ட் என்ற சோதனைக் கரைசலில் அலனைன், கீட்டோகுளுட்டாரேட், லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் நொதி, என்ஏடிஹெச் எல்லாம் இருக்கும். நோயாளியின் சீரத்தைச் சேர்த்தால் அதில் இருக்கும் எஸ்ஜிபிடி நொதி அலனைனை பைருவேட்டாக மாற்றும். அந்தப் பைருவேட்டை இன்னொரு நொதி லாக்டேட்டாக மாற்றும்போது என்ஏடிஹெச் தன் எலக்ட்ரானைக் கொடுத்துக் காலியாகும், 340இல் நிழல் குறையும். ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு குறைகிறது என்பதைக் கருவி கணக்கிட்டு எண்ணாகத் தருகிறது. வேகமாகக் குறைந்தால் கல்லீரல் செல்களிலிருந்து நொதி கசிந்திருக்கிறது என்று பொருள்.

ரியேஜெண்ட் பழசாகியோ கெட்டோ போனால், சீரம் சேர்ப்பதற்கு முன்பே 340 அளவு குறைவாக இருக்கும். சட்டி முன்பே காலியாகிவிட்டது என்று அர்த்தம். அதை வைத்துப் பரிசோதனை செய்யமாட்டோம்.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள் அக்கா, புத்தகத்து ஓரத்தில் இருக்கும் அந்த வளைந்த அம்புக்குறியைத்தான் நாங்கள் பணம் வாங்கிக்கொண்டு அளந்து கொடுக்கிறோம்.

வணிகவியல்_அம்மா

நிழல் உள்ள சட்டி, நிழல் இல்லாத சட்டி! இதை இன்றிரவே சொல்கிறேன். போன வருடம் என் மாமனாருக்கு இந்தச் சோதனை எடுத்தோம், காகிதத்தில் எண்ணை மட்டும் பார்த்தேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஏன் படிப்படியாக விழவேண்டும், ஒரேயடியாக விழுந்தால் என்ன? அப்புறம் எஃப்ஏடி எதற்கு, ஒரே வகைச் சட்டி போதாதா?

ஓய்வுபெற்ற_ஆசிரியர்

முதல் கேள்விக்கு: ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்துத் தீப்பொறி காட்டினால் வெடிக்கும். மைட்டோகாண்ட்ரியாவில் கடைசியில் நடப்பதும் அதே வேதிவினைதான், தண்ணீர்தான் வருகிறது. ஒரே தாவலில் நடந்தால் முழுவதும் வெப்பமாகப் போய்விடும். படிப்படியாக நடந்தால் ஒவ்வொரு படியிலும் ஒரு வேலை வாங்கலாம். என்ன வேலை? புரோட்டானை உட்சவ்வுக்கு வெளியே தள்ளுவது.

எலக்ட்ரான் போகும் வழி இது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் நான்கு புரதக் கூட்டமைப்புகள் பதிந்திருக்கின்றன. என்ஏடிஹெச் முதல் கூட்டமைப்பிடம் வந்து கொட்டும். அங்கே எஃப்எம்என் என்ற சிறு மூலக்கூறு வாங்கும், பிறகு இரும்பும் கந்தகமும் சேர்ந்த சின்னச் சின்னக் கொத்துகள் வரிசையாக வாங்கிக் கடத்தும், கடைசியில் யுபிகுவினோனிடம் போகும். யுபிகுவினோன் கொழுப்பில் கரைவது, சவ்வுக்குள்ளேயே நீந்தி மூன்றாம் கூட்டமைப்புக்குப் போகும். அங்கிருந்து சைட்டோகுரோம் சி. அது சிறிய புரதம், சவ்வின் வெளிப்பக்கத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் நகரும், ஒரு தடவைக்கு ஒரே ஒரு எலக்ட்ரான்தான் ஏந்தும். அது நான்காம் கூட்டமைப்பில் கொடுக்கும். அங்கே செம்பும், ஹீம் என்ற வளையத்தின் நடுவில் இருக்கும் இரும்பும் காத்திருக்கின்றன. நான்கு எலக்ட்ரான் சேர்ந்ததும் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டு தண்ணீர் ஆகிறது.

ஆகவே மகளுக்குக் கடத்திகளை இரண்டு குழுவாகப் பிரித்துக் காட்டுங்கள். நின்ற இடத்திலேயே நின்று கைமாற்றுபவை ஒரு குழு: எஃப்எம்என், இரும்பு–கந்தகக் கொத்துகள், ஹீம்கள், செம்பு. ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருபவை இன்னொரு குழு: என்ஏடி, எஃப்ஏடி, யுபிகுவினோன், சைட்டோகுரோம் சி.

வோல்ட்_கணக்கு

ஐயா, ஒரு திருத்தம். எஃப்ஏடியை ஓடுபவற்றில் சேர்க்கக்கூடாது. கிரெப் சுழற்சியில் எஃப்ஏடி இருப்பது சக்ஸினேட் டிஹைட்ரஜனேஸ் நொதியில். அதில் அது சகப்பிணைப்பால் கட்டப்பட்டிருக்கிறது, கழன்று வராது. அந்த நொதியும் சவ்விலேயே பதிந்திருக்கிறது. அதுதான் இரண்டாம் கூட்டமைப்பு! கிரெப் சுழற்சியின் ஒரு நொதியும் எலக்ட்ரான் சங்கிலியின் ஒரு உறுப்பும் ஒன்றே. எஃப்ஏடிஹெச்2 எங்கும் நீந்திப் போவதில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே யுபிகுவினோனிடம் கொடுத்துவிடும்.

ஓய்வுபெற்ற_ஆசிரியர்

சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். பல வருடம் கரும்பலகையில் எஃப்ஏடிஹெச்2வுக்குத் தனியாக ஓர் அம்பு போட்டு, அது சங்கிலியைத் தேடிப் போவதாகத்தான் வரைந்திருக்கிறேன். அம்மா, நான் மேலே எழுதியதில் எஃப்ஏடியை நின்ற இடத்தில் நிற்பவற்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வோல்ட்_கணக்கு

நன்றி ஐயா. ஏன் இரண்டு வகை என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சக்ஸினேட் தன் எலக்ட்ரானை அவ்வளவு எளிதில் விடாது. சக்ஸினேட்டை ஃபியூமரேட்டாக மாற்றும்போது எலக்ட்ரான் இருக்கும் மட்டம் கிட்டத்தட்ட +0.03 வோல்ட். அதை −0.32இல் இருக்கும் என்ஏடியிடம் கொடுக்கவேண்டும் என்றால் மேட்டில் ஏற்றவேண்டும், நடக்காது. எஃப்ஏடி நொதிக்குள் கட்டுண்டிருக்கும்போது அதன் மட்டம் பூஜ்யத்தை ஒட்டி வருகிறது, அதனால் வாங்கிக்கொள்ள முடிகிறது. அங்கிருந்து வரும் எலக்ட்ரான் ஓடையின் நடுவில் சேர்கிறது, முதல் அருவியைத் தவறவிடுகிறது. ஆகவே குறைந்த ஏடிபி.

இப்போது அந்தப் பழைய 3, 2 எப்படி 2.5, 1.5 ஆனது என்ற கதை. நீட் தம்பி, இது உங்களுக்கும்தான்.

இரண்டு எலக்ட்ரான் போகும்போது முதல் கூட்டமைப்பு 4 புரோட்டான் தள்ளும், மூன்றாவது 4, நான்காவது 2. இரண்டாவது எதையும் தள்ளாது. ஆக என்ஏடிஹெச்சுக்கு 10, எஃப்ஏடிஹெச்2வுக்கு 6. வெளியே தள்ளப்பட்ட புரோட்டான் திரும்பி உள்ளே வரத் துடிக்கும். அது வரும் வாசல் ஏடிபி சின்தேஸ், அணையின் டர்பைன் மாதிரி நிஜமாகவே சுழலும் நொதி. ஒரு ஏடிபி செய்து, அதற்கான பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவந்து, செய்த ஏடிபியை வெளியே அனுப்பும் செலவையும் சேர்த்தால் சுமார் 4 புரோட்டான். 10ஐ 4ஆல் வகுத்தால் 2.5. 6ஐ 4ஆல் வகுத்தால் 1.5. அவ்வளவுதான்.

பழைய 3, 2 எப்படி வந்தது? அந்தக் காலத்தில் எலக்ட்ரான் விழும் ஒவ்வொரு பெரிய படியிலும் நேரடியாக ஒரு ஏடிபி உருவாகிறது என்று நினைத்தார்கள். மூன்று படி, மூன்று ஏடிபி, முழு எண்தானே வரும். அப்படி நேரடியாக உருவாவதற்கான இடைநிலைப் பொருளை வருடக்கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. 1961இல் பீட்டர் மிட்செல் "அப்படி ஒரு பொருளே இல்லை, சவ்வின் இரு பக்கமும் உள்ள புரோட்டான் வித்தியாசம்தான் இடைநிலை" என்ற கருத்தை முன்வைத்தார். பலர் ஏற்கவில்லை. அவர் உடல்நலக் குறைவால் பல்கலைக்கழகத்தை விட்டு, கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைச் சீரமைத்து அங்கேயே ஆய்வகம் வைத்து வேலை செய்தார். 1978இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நடுவில் ஒரு சவ்வும் புரோட்டான் தேக்கமும் வந்துவிட்டால் எண் முழு எண்ணாக இருக்கவேண்டிய கட்டாயம் போய்விடுகிறது. 2.5 ஏடிபி என்றால் அரை ஏடிபி எப்படி வரும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அரை வராது. இரண்டு என்ஏடிஹெச் 20 புரோட்டானைத் தள்ளும், அதில் 5 ஏடிபி வரும்.

அந்த 4 என்பதும் கல்லில் எழுதியதில்லை. டர்பைனின் சுழலும் வளையத்தில் எத்தனை துண்டு இருக்கிறதோ அதைப் பொறுத்தது. மாட்டின் மைட்டோகாண்ட்ரியாவில் 8 துண்டு, ஈஸ்டில் 10. ஒரு முழுச் சுற்றுக்கு 3 ஏடிபி. அதனால் மாட்டுக்கு 8ஐ 3ஆல் வகுத்து, போக்குவரத்துக்கு ஒன்றைக் கூட்டினால் 3.67தான் வரும்.

நீட்_இரண்டாம்முறை

அண்ணா, இப்போது புரிகிறது. அப்படியானால் ஒரு குளுக்கோஸுக்கு மொத்தம் 30, 32 என்று இரண்டு எண் சொல்கிறார்களே, ஏன்?

வோல்ட்_கணக்கு

கிளைக்காலிசிஸ் நடப்பது மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே. அங்கே நிறைந்த 2 என்ஏடிஹெச்சால் உட்சவ்வைத் தாண்ட முடியாது, கதவே இல்லை. வாசலில் நின்று எலக்ட்ரானை மட்டும் வேறொரு சட்டிக்கு மாற்றிக் கொடுக்கும். கல்லீரல், இதயம் போன்ற இடங்களில் மாலேட் வழியாக உள்ளே இருக்கும் என்ஏடிக்கே போய்ச் சேரும், முழு மதிப்பு. மூளையிலும் எலும்புத் தசையிலும் பெரும்பாலும் கிளிசரால் பாஸ்பேட் வழி, அங்கே வாங்குவது எஃப்ஏடி, 1.5தான். உள்ளே 8 என்ஏடிஹெச்சுக்கு 20, இரண்டு எஃப்ஏடிஹெச்2வுக்கு 3, நேரடியாக 4, ஆக 27. வெளியே இருந்த இரண்டுக்கு 5 அல்லது 3. கூட்டுங்கள்.

நீட்_இரண்டாம்முறை

32 அல்லது 30. மனப்பாடமே தேவையில்லை!

மாவுக்கடை

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிறேன். காலிச் சட்டி திரும்ப வராவிட்டால் வேலை நின்றுவிடும் என்று ஐயா எழுதியதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. மாவு புளிப்பது மூடிய பாத்திரத்தில், காற்று அதிகம் இல்லாமல்தானே. அங்கே சட்டி எப்படித் திரும்புகிறது?

ஓய்வுபெற்ற_ஆசிரியர்

இந்த இழையில் வந்த மிக நல்ல கேள்வி இதுதான் அம்மா.

இட்லி மாவில் முக்கியமாக வேலை செய்வது லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியம். உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டியிருப்பது, நாம் தனியாகச் சேர்ப்பதில்லை. அது சர்க்கரையை உடைக்கும்போது சட்டிகள் நிறையும். கொட்டுவதற்கு ஆக்சிஜன் இல்லை. அதனால் சர்க்கரையை உடைத்து வந்த துண்டுகளின் மேலேயே எலக்ட்ரானைத் திருப்பிக் கொட்டிவிடும். பைருவேட்டின் மேல் கொட்டினால் லாக்டிக் அமிலம், அது உங்கள் மாவின் புளிப்பு. இன்னொரு துண்டின் மேல் கொட்டினால் ஆல்கஹால், மிகக் கொஞ்சம், இட்லி வேகும்போது போய்விடும். கூடவே கார்பன் டை ஆக்சைடு வருகிறது, அதுதான் மாவைப் பொங்கவைப்பது. கணக்கு எவ்வளவு கச்சிதம் பாருங்கள்: ஒரு குளுக்கோஸுக்கு 3 சட்டி நிறைகிறது, லாக்டிக் அமிலம் உண்டாகும்போது 1 காலியாகிறது, ஆல்கஹால் உண்டாகும்போது 2 காலியாகிறது. ஒன்றும் மிச்சமில்லை.

புளிப்பு என்பது பாக்டீரியா நமக்காகச் செய்வதில்லை. சட்டியைக் காலி செய்ய அதற்கு வேறு வழியில்லை, அதனால் செய்கிறது. மார்கழிக் குளிரில் மாவு பொங்க நேரமாவது அந்த நொதிகள் குளிரில் மெதுவாக வேலை செய்வதால்.

ஓடும்போது நம் தசையும் இதையே செய்கிறது, லாக்டேட் அப்படித்தான் வருகிறது. ரத்தச் சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. உடம்பு முழுக்க ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு போகும் செல், தான் ஒரு துளி ஆக்சிஜனைப் பயன்படுத்தாமல், வாழ்நாள் முழுவதும் லாக்டேட் வழியாகவே சட்டியைக் காலி செய்கிறது.

மாவுக்கடை

ஐயா, இவ்வளவு வருடமாக மாவு பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று காலையில் மூடியைத் திறந்தபோது வேறுமாதிரி இருந்தது. நன்றி.

குன்னூர்வாசி

ஈஸ்ட், புளிப்பு என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். என்ஏடி கண்டுபிடிக்கப்பட்டதே புளிக்கவைப்பதை ஆராயும்போதுதான். 1906இல் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் ஈஸ்ட் சாற்றை மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்து இரண்டாகப் பிரித்தார்கள். பெரிய மூலக்கூறுகள் ஒரு பக்கம், சின்னவை இன்னொரு பக்கம். தனித்தனியாக இரண்டுமே சர்க்கரையைப் புளிக்கவைக்கவில்லை. சேர்த்தால் புளித்தது. சின்னவை இருந்த பக்கத்தைக் கொதிக்கவைத்துச் சேர்த்தாலும் புளித்தது! கொதித்தால் கெட்டுப்போகும் நொதி இல்லை, வேறு ஏதோ ஒன்று அதில் இருக்கிறது என்று தெரிந்தது. அதில் முக்கியமானதுதான் பின்னர் என்ஏடி என்று அறியப்பட்டது. ஹார்டனும், அதைத் தூய்மைப்படுத்திய ஆய்லர்-கெல்பினும் 1929இல் நோபல் பரிசு பெற்றார்கள். நிகோடினமைடு வளையம்தான் ஹைட்ரஜனை ஏந்துகிறது என்பதை 1936இல் ஓட்டோ வார்பர்க் காட்டினார்.

அடுத்த வருடம், 1937இல், அமெரிக்காவில் கான்ராட் எல்விஹெம் நாய்களுக்கு வரும் கருநாக்கு நோயை நிகோடினிக் அமிலம் குணமாக்குகிறது என்று கண்டார். மனிதர்களில் அதற்கு இணையான நோய் பெலாக்ரா. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மக்காச்சோளத்தையே நம்பியிருந்த ஏழைகள் ஆயிரக்கணக்கில் அதனால் இறந்துகொண்டிருந்த காலம் அது. வெயில் படும் தோல் வெடிக்கும், வயிற்றுப்போக்கு நிற்காது, மனநிலை பாதிக்கும், கடைசியில் மரணம். அதாவது நியாசின் என்ற வைட்டமின் உடம்புக்குத் தேவைப்படுவது இந்தச் சட்டியைச் செய்வதற்குத்தான். சட்டி குறைந்தால் வேகமாகப் புதுப்பிக்கப்படும் தோலும் குடலும், சக்தியை அதிகம் கேட்கும் மூளையும் பாதிக்கப்படுகின்றன.

எங்கள் ஊர்த் தொடர்பு என்னவென்றால், இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918இல் குன்னூரில்தான் ஒரு சிறிய ஆய்வுப் பிரிவாகத் தொடங்கியது, 1950களின் இறுதியில் ஹைதராபாத்துக்குப் போனது. அங்கே சேலத்தில் பிறந்த மருத்துவர் கோபாலன், தக்காணத்தில் சோளம் உண்ணும் ஏழைகளிடம் பெலாக்ரா இருப்பதை ஆராய்ந்தார். மக்காச்சோளம் இல்லை, நம் வெள்ளைச் சோளம். அதில் லியூசின் என்ற அமினோ அமிலம் அதிகம், அது நியாசின் உருவாவதைக் குலைக்கிறது என்று அவரும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் முன்வைத்தார்கள். பின்னாளில் அந்த விளக்கம் நிறைய விவாதிக்கப்பட்டது. ஆனாலும் சோளத்தை மட்டுமே தின்று வாழவேண்டிய வறுமை ஒரு மூலக்கூறின் பற்றாக்குறையாக உடம்பில் தெரிந்தது என்பதை மறக்க முடியவில்லை. பாடத்தில் என்ஏடிஹெச் என்ற நான்கு ஆங்கில எழுத்தைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதையும் யாராவது சொல்லவேண்டும்.

ரத்தப்பரிசோதனைக்_கூடம்

எஃப்ஏடிக்கும் அதேபோல் வைட்டமின் உண்டு, ரிபோஃபிளேவின், பி2. பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்டால் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போகுமே, அந்த நிறம் இதுதான். சிலர் பயந்துபோய்ப் பரிசோதனைக்கு வந்துவிடுவார்கள்.

நீட்_இரண்டாம்முறை

சயனைடு நான்காம் கூட்டமைப்பைத் தடுக்கும் என்று படித்தேன். அங்கேயும் காலிச் சட்டிப் பிரச்சினைதானா?

வோல்ட்_கணக்கு

ஆமாம். அது ஹீம் ஏ3இன் இரும்பில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கடைசி ஆள் கையை மூடிக்கொண்டால் வரிசையில் எல்லார் கையும் நிறைந்துபோய் நிற்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், செல்லால் பயன்படுத்த முடியாது.

இதைக் கண்ணால் பார்த்தவர் டேவிட் கெய்லின், 1925இல், கேம்பிரிட்ஜில். ஈஸ்ட் கலந்த நீரை நிறமாலைமானியில் பார்த்தால் நான்கு கருங்கோடுகள் தெரிந்தன, எலக்ட்ரான் ஏந்தியிருக்கும் சைட்டோகுரோம்களின் கோடுகள். குழாயைக் காற்றோடு குலுக்கினால் கோடுகள் மறைந்தன, எலக்ட்ரான் ஆக்சிஜனிடம் போய்விட்டது. சற்று நேரம் வைத்தால் திரும்பி வந்தன. சயனைடு சேர்த்தபின் எவ்வளவு குலுக்கினாலும் கோடுகள் மறையவில்லை. இவருக்கு நாற்பது வருடம் முன்பே சார்லஸ் மக்மன் என்ற மருத்துவர் இதே நிறமிகளைப் பார்த்து எழுதியிருந்தார். அப்போதைய பெரிய விஞ்ஞானி ஹோப்பே-சைலர் மறுத்ததால் அது அப்படியே கிடந்தது. கெய்லின்தான் அவருடைய பெயரைச் சொல்லி மீட்டெடுத்தார். அது எனக்கு மிகவும் பிடித்த செயல்.

வணிகவியல்_அம்மா

நேற்றிரவு இந்த இழையை முழுவதும் அவளுக்குப் படித்துக்காட்டினேன். நோட்டில் சட்டி படம் வரைந்து, 340 என்று எழுதி நிழல் போட்டிருக்கிறாள். கிரெப் சுழற்சி ஆக்சிஜன் இல்லாமல் ஏன் நிற்கிறது என்று கேட்டேன், கொஞ்சம் யோசித்து, "காலி என்ஏடி தீர்ந்துபோகும்மா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் கேட்ட ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. நாம் இழுக்கும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடாக வெளியே வருகிறது என்று சின்ன வகுப்பிலிருந்து படிக்கிறோம். ஆனால் இங்கே ஆக்சிஜன் தண்ணீராகிறது என்கிறீர்களே?

ஓய்வுபெற்ற_ஆசிரியர்

உங்கள் மகள் சரியான இடத்தில் கையை வைத்திருக்கிறாள். மைட்டோகாண்ட்ரியாவில் நாம் இழுத்த ஆக்சிஜன் தண்ணீராகத்தான் ஆகிறது. வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடில் இருக்கும் ஆக்சிஜன் அணுக்கள் உணவிலிருந்தும், கிரெப் சுழற்சியில் சேரும் நீரிலிருந்தும் வந்தவை.

அந்தத் தண்ணீர் உடம்பிலேயே சேர்ந்துவிடுகிறது. நமக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 மில்லிலிட்டர் இப்படிக் கிடைக்கிறது, ஒரு பெரிய டம்ளர் அளவு. அமெரிக்கப் பாலைவனத்தில் கங்காரு எலி என்று ஒன்று இருக்கிறது. காய்ந்த விதைகளைத் தின்று, தண்ணீரே குடிக்காமல், பெரும்பாலும் இந்தத் தண்ணீரை வைத்தே வாழ்கிறது. அவளிடம் சொல்லுங்கள், அந்த எலி குடிக்கும் தண்ணீர் நான்காம் கூட்டமைப்பில் ஊறுகிறது.